உயிர் இரக்கமும் ஊர் விலக்கும்

உணவு விடுதிகளின் பெயர்ப்பலகையில் "சைவம்" என்று எழுதியிருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒரு சமயத்தின் பெயர் ஓர் உணவின் பெயராக மாறிவிட்டதை எண்ணி நாம் வியப்பதில்லை, பழகிவிட்டது. அவ்வுணவோடு நில்லாதார் "அசைவர்" ஆயினர். தமக்கென்று ஒரு பெயரும் இல்லாமல், பிறர் பெயருக்கு முன்னே ஓர் எதிர்மறை எழுத்தைச் சுமப்பவர் ஆயினர். இத்தனைக்கும் சைவ அடியார் அறுபத்து மூவருள் ஒருவராகிய கண்ணப்பர், தாம் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியை வாயில் இட்டுச் சுவை பார்த்துக் காளத்தி இறைவனுக்குப் படைத்தவர். இறைவன் அதனை உவந்து ஏற்றான் என்றே சேக்கிழார் பாடுகிறார். எவரையும் எள்ளி நகையாடுதற்கு இதனைக் கூறினோம் அல்லோம். உண்ணும் பொருளைக் கொண்டு மனிதரை அளக்கும் கோல் ஒன்று இந்நாட்டில் உண்டு. அக்கோல் எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்தலே நம் நோக்கம்.

நம் கல்விச் சங்கம் தோன்றிய இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் பலர் வெளியூர் விடுதிகளிலும் கல்லூரிகளிலும் பயின்று வந்துள்ளனர். அவர்களுள் சிலர் வீட்டில் உண்ணும் உணவைப் பிறரிடம் சொல்ல நாணுகின்றனர். வேறு சிலர் சினங்கொண்டு, உயிர் இரக்கம் என்பதே நம்மை இழிவுபடுத்த மேல்சாதியார் கண்டுபிடித்த சூழ்ச்சி என்கின்றனர். நாணமும் வேண்டுவதன்று, அச்சினமும் முழு உண்மை அன்று. விலங்குகளுக்காக இந்நாட்டில் எழுந்த பழைய குரல்கள் எவருடையவை என்று பார்த்தால் இது விளங்கும்.

பண்டைக் காலத்தில் புலால் உண்ணாமை உயர்வின் அடையாளமாக இருந்ததில்லை. அந்தணர் என்று சங்கப் புலவராலேயே போற்றப்பட்ட கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடும்போது, ஊன் கலந்த சோற்றை உண்பதைத் தவிர வேறு கடுந்தொழில் அறியாத தம் கை மென்மையாக இருப்பதாகப் பெருமையோடு கூறுகிறார். வடநாட்டிலோ வேள்விச் சாலைகளில் ஆடும் மாடும் வெட்டுண்டன. இந்தச் சூழலில்தான் புத்தர் பெருமானின் குரல் எழுந்தது.

பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தில் கூடதந்த சூத்திரம் என்று ஒன்று உண்டு. நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய வரலாறு அது. மகத நாட்டில் கானுமதம் என்னும் ஊரில் கூடதந்தன் என்ற அந்தணன் பெருவேள்வி ஒன்றைத் தொடங்குகிறான். காளை 700, எருது 700, கிடாரி 700, வெள்ளாடு 700, செம்மறிக் கிடாய் 700 வேள்வித் தூண்களில் கட்டப்பட்டுள்ளன. முறைப்படி வேள்வி செய்வது எப்படி என்று அவன் புத்தரிடமே வந்து கேட்கிறான். புத்தர் அவனைக் கடியவில்லை; பழைய மன்னன் ஒருவனின் கதையைச் சொல்கிறார். அம்மன்னனும் வேள்வி செய்ய விரும்பினான். அவனுடைய புரோகிதன் என்ன கூறினான்? "நாட்டில் கொள்ளை மிகுந்திருக்கிறது. கள்வரைக் கொன்றும் சிறையிட்டும் இதனை ஒழிக்க இயலாது. உழுவோர்க்கு விதையும் தீவனமும் கொடு, வணிகர்க்கு முதல் கொடு, பணியாளர்க்கு ஊதியம் கொடு, அதன் பின் வேள்வியைப் பற்றிப் பேசலாம்" என்ற கருத்தில் அறிவுரை கூறினான். மன்னன் அவ்வாறே செய்தான். பின்னர் நடந்த வேள்வியில் மாடு வெட்டப்படவில்லை. ஆடு, கோழி, பன்றி வெட்டப்படவில்லை. தூணுக்காக மரமும் சாய்க்கப்படவில்லை. நெய்யும் தேனும் வெல்லமும் கொண்டே வேள்வி முடிந்தது. இதற்கு அடுத்து வரும் செய்திதான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது. அவ்வேள்வியில் அடிமைகளும் ஏவலாளரும் தடிக்கு அஞ்சிக் கண்ணீரோடு வேலை செய்யவில்லை. விரும்பியவர் செய்தனர், விரும்பாதவர் செய்யவில்லை. விலங்கின் உயிரும் ஏவலாளனின் கண்ணீரும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. கூடதந்தன் கதையைக் கேட்டு முடித்ததும் கட்டியிருந்த விலங்குகள் அனைத்தையும் அவிழ்த்துவிட்டான்.

இதே இணைப்பை அசோகச் சக்கரவர்த்தியின் கல்வெட்டுகளிலும் காண்கிறோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட அப்பேரரசன், கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் சிறைப்பட்டு அகற்றப்பட்டதையும் தானே எழுதிவைத்து வருந்தியவன். தன் மடைப்பள்ளியில் முன்பு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கில் விலங்குகள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன, மானும் எப்போதும் அன்று, இனி இம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் முதற் பாறைக் கல்வெட்டில் கூறுகிறான். தன் சமையற்கூடத்துக் கணக்கை நாட்டு மக்கள் முன் வைத்த அரசன் உலக வரலாற்றில் அரியவன். இரண்டாம் பாறைக் கல்வெட்டு நம் தமிழகத்தோடும் தொடர்புடையது. தன் நாட்டில் மட்டுமன்றி எல்லைக்கு அப்பாலுள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணியாகிய இலங்கையிலும் மனிதர்க்கு மருத்துவம், விலங்குகட்கு மருத்துவம் என இருவகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகவும், மருந்து மூலிகை இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடச் செய்ததாகவும் அதில் காண்கிறோம். ஒன்பதாம் பாறைக் கல்வெட்டு உண்மையான சடங்கு எது என்று கேட்டு விடை கூறுகிறது. அவ்விடையில் உயிர்களிடம் அடக்கம் காட்டுதல் உண்டு. அதற்கு முன்னே, அடிமைகளிடமும் பணியாளரிடமும் முறையாக நடந்துகொள்ளுதல் இடம்பெறுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஐந்தாம் தூண் கல்வெட்டில், கொல்லப்படக் கூடாத உயிர்களின் நீண்ட பட்டியல் உள்ளது. கிளி, மைனா முதல் குட்டிக்குப் பாலூட்டும் ஆடும் பன்றியும் வரை அதில் உண்டு. உயிரிகள் உறையும் உமியை எரித்தலாகாது என்னும் அளவுக்கு நுணுக்கமான ஆணை அது. ஆயினும் பசு அதில் தனியே குறிக்கப்படவில்லை. பசு ஒன்றுக்கு மட்டும் புனிதம் என்பது அக்காலத்து அறம் அன்று. எல்லா உயிர்க்கும் இரக்கம் என்பதே அறம்.

புத்தர் தம் துறவியரைப் புலால் உண்ணவே கூடாது என்று விலக்கவில்லை. தமக்கெனக் கொல்லப்பட்டதைப் பார்த்தோ கேட்டோ ஐயுற்றோ இராத இறைச்சியைப் பிச்சைப் பாத்திரத்தில் ஏற்கலாம் என்றார். மீனும் இறைச்சியும் அறவே விலக்கவேண்டும் என்று தேவதத்தன் வற்புறுத்தியபோது மறுத்துவிட்டார். ஏழையின் வீட்டு வாயிலில் நிற்கும் துறவி, இட்டதை ஏற்கவேண்டுமேயன்றி உணவைத் தேர்ந்து கேட்டல் ஆகாது என்பது அதன் கருத்தாகலாம். ஆனால் இறைச்சி விற்பதை இல்லறத்தார்க்கும் ஆகாத வாணிகங்களுள் ஒன்றாக வைத்தார். பிற்காலத்து மகாயான நூலான இலங்காவதார சூத்திரம் புலாலை முற்றும் மறுத்தது. தமிழ்நாட்டுச் சமணர் இவ்விடத்தில்தான் பௌத்தரை மடக்கினர். நீலகேசியில் அவ்வாதத்தைக் காணலாம். வள்ளுவர் பெருமான் புலால் மறுத்தல், கொல்லாமை என இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையேல் விலைக்கு விற்பாரும் இரார் என்று அவர் கூறும் கருத்து, "நாம் கொல்லவில்லையே, வாங்கித்தானே உண்கிறோம்" என்பார்க்கு நேர் விடை. இன்றைய பொருளாதார ஆசிரியர்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தி ஒன்றே முக்கால் அடியில் அடங்கிவிட்டது. அவரும் கொல்லாமை அதிகாரத்தில், இருப்பதைப் பகுத்து உண்பதையும் பல உயிரைக் காப்பதையும் ஒரே குறளில் பிணைத்தே தலையாய அறம் என்றார். பகுத்துண்ணாத கொல்லாமை அவர் நூலில் இல்லை.

இனி நம் தமிழில் மணிமேகலைக்கு வருவோம். இக்காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையைப் பள்ளிப் பாடத்தில் படித்தோர், அமுதசுரபி கிடைத்த கதை என்ற அளவில் நினைவில் வைத்திருப்பர். நம் வரலாற்றை அறிய விரும்புவோர் அதனை மீண்டும் ஒருமுறை படித்தல் வேண்டும்.

காசியைச் சேர்ந்த சாலி என்னும் பார்ப்பனப் பெண், கணவனுக்குத் தவறிழைத்து, அப்பழி தீரக் குமரியாட வருகிறாள். வழியில் பிறந்த குழந்தையை விட்டுச் செல்கிறாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டி அக்குழந்தையைக் காக்கிறது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து வேதமும் கற்பிக்கிறான். வளர்ந்த அவன் ஒருநாள், வேள்விக்கென்று கொம்பில் மாலை சூட்டிக் கட்டப்பட்டு, அஞ்சிக் கதறும் பசு ஒன்றைக் காண்கிறான். நள்ளிரவு வரை ஒளிந்திருந்து அதனை அவிழ்த்துக்கொண்டு போகிறான். அந்தணர் துரத்திப் பிடித்துக் கோலால் அடிக்கின்றனர். பசு சினந்து, அடித்த ஆசானைக் கொம்பால் குத்திவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. "புல்லைத் தின்று பாலைத் தரும் இவ்வுயிர்மீது உங்களுக்கு என்ன பகை?" என்று ஆபுத்திரன் வினவுகிறான்.

அவ்வினாவுக்கு அவர்கள் விடை கூறினரா? இல்லை. நீ வேதப் பொருள் அறியாதவன், ஆவின் மகன்தானே என்று பழித்தனர். விலங்கின் வயிற்றில் பிறந்தவராகக் கூறப்படும் முனிவர்களை அவன் வரிசையாக எடுத்துக் காட்டினான். உடனே கூட்டத்தில் ஒருவன் சாலியின் வரலாற்றை எடுத்துவிட்டான். அதன் பின் வாதம் முடிந்தது. இவனைத் தீண்டாதீர், இவன் புலைமகன் என்றனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். அந்தணர் ஊர்களில் அவன் நீட்டிய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். பசுவைக் கவர்ந்த கள்வன் என்பது அவனுக்குக் கிடைத்த பட்டம்.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். புலை என்ற சொல்லுக்குப் புலால் என்ற பொருளும் உண்டு; புலையர் என்று நம் முன்னோர் இழித்துரைக்கப்பட்டதும் அச்சொல்லாலேதான். பசுவை வெட்ட முனைந்தவர் தூயவர். அதனைக் காத்தவன் புலைமகன்! அறத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல இயலாதபோது பிறப்பைத் தோண்டுவது இந்நாட்டில் எவ்வளவு பழமையான வழக்கம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் இலக்கியத்தில் வேண்டுமோ? ஆபுத்திரன் அதன் பின் தென்மதுரை சென்று சிந்தாதேவி கோயிலில் தங்கினான். இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் ஆகியோரை அழைத்து முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான். ஒரு பசுவுக்காக எழுந்த இரக்கம் பசித்த மனிதரிடம் வந்து நிறைவடைந்தது. அவனுக்குக் கிடைத்த பாத்திரமே பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்து, சிறைக்கோட்டத்தையும் அறக்கோட்டம் ஆக்கிற்று.

இவ்வாறு இணைந்திருந்த இரண்டும் எவ்வாறு பிரிந்தன? அண்ணல் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட "தீண்டப்படாதார்" பற்றிய நூலில் ஒரு கருத்தை முன்வைக்கிறார். போரில் சிதறி ஊர்ப்புறத்தே குடியேறிய மக்கள் பௌத்தத்தைத் தழுவியிருந்தனர். பௌத்தத்தை வெல்லவேண்டி, முன்பு பசுவைப் பலியிட்டு உண்ட பார்ப்பனர் அதனைக் கைவிட்டதோடு நில்லாமல் புலாலையே துறந்தனர். வறுமையால் செத்த மாட்டின் இறைச்சியை உண்டு வந்த ஊர்ப்புற மக்களால் அதனைத் துறக்க இயலவில்லை. அவர்கள் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டனர். இதனை அண்ணல் ஓர் ஆய்வுக் கருத்தாகவே வைத்தார். வரலாற்று அறிஞரிடையே இது பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் அதில் உள்ள ஒரு நுட்பம் எவராலும் மறுக்க முடியாதது. செத்த மாட்டை உண்டவன் எந்த உயிரையும் கொல்லவில்லை. கொல்லாமைதான் அளவுகோல் என்றால் அவன் குற்றவாளி ஆகான். அவனைக் குற்றவாளி ஆக்கிய அளவுகோல் வேறு. தமிழகத்தில் அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, நம் மக்கள் பூர்வ பௌத்தர் என்று முழங்கினார். 1907 முதல் தம் இதழில் அதனையே இடைவிடாது எழுதினார்.

பக்தி இயக்கம் நமக்குக் கதவைத் திறந்தது என்பர். திறந்தது உண்மை, முழுமையாக அன்று. பசுவின் தோலை உரித்துத் தின்னும் புலையரேனும், சிவனுக்கு அன்பரானால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்ற கருத்தில் அப்பர் அடிகள் பாடினார். அக்காலத்தில் இது பெரும் புரட்சி, மறுப்பதற்கில்லை. ஆயினும் இலக்கணம் கற்பிக்கும் நம் போன்றோர்க்கு அந்த "ஏனும்" என்னும் சொல் உறுத்துகிறது. உயர்த்தும் கையே இழிவையும் நினைவூட்டுகிறது. நந்தனார் வரலாற்றில் இன்னொரு முரண். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவர் கோயில்களுக்குப் பேரிகைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். மாட்டின் தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. தோலைத் தந்தவர் வெளியே நின்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடலூர் வள்ளலார் இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்க்க முயன்றார். அவரைவிடக் கடுமையாகப் புலாலை மறுத்தவர் தமிழில் இலர் எனலாம். புலால் உண்பாரைப் புறவினத்தார் என்றே குறித்தார். அது நமக்கு உவப்பான சொல் அன்று. ஆனால் சாதியை அவர் அறவே தள்ளினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது, பசி என்பதற்கு மேல் வேறு தகுதி கேட்கவில்லை. புறவினத்தார் பசியையும் நீக்கவேண்டும் என்பதே அவர் கட்டளை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

அண்மைக் காலத்தில் நகரங்களில் "வீகன்" என்னும் சொல் பரவி வருகிறது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் நண்பர்களும் உருவாக்கிய சொல் அது. புலால் மட்டுமன்றிப் பால், முட்டை, தேன், தோல் ஆகிய எதனையும் கொள்ளாத கொள்கை. நம் இளைஞர் சிலர் இதனைப் பணக்காரர் பழக்கம் என்று தள்ளிவிடுகின்றனர். நாம் அவ்வாறு தள்ள விரும்பவில்லை. ஏனெனில் இக்கொள்கையினர் கேட்கும் கேள்வி, நம்மைவிடப் பிறரையே மிகுதியாகச் சுடுவது. உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடு நம்முடையது. பால் வற்றிய பசுவும் உழவுக்கு வேண்டாத காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று பால் குடிப்போர் கேட்பதில்லை. மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் உள்ளன. அதனைச் செய்யும் தொழிலாளரின் வாழ்வைப் பற்றி இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். பாலும் இசையும் காலணியும் மேலே செல்ல, பிணமும் நாற்றமும் பழியும் நம் தெருவுக்கு வந்தன.

அப்பழி உயிரையும் பறிப்பது. 2002 அக்டோபரில் அரியானாவில் ஜஜ்ஜர் அருகே, மாட்டுத்தோல் ஏற்றிச் சென்ற தாழ்த்தப்பட்டோர் ஐவரைக் காவல் நிலையத்தின் அருகிலேயே ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. 2016 ஜூலையில் குஜராத்தில், செத்த பசுவின் தோலை உரித்த குற்றத்துக்காக நம் இளைஞர் நால்வர் ஊனா நகருக்கு இழுத்துவரப்பட்டு, வண்டியில் பிணைக்கப்பட்டுக் கசையடி பட்டனர். பின்னர் அம்மாநிலத்து ஒடுக்கப்பட்ட மக்கள் செத்த மாடுகளைக் கொணர்ந்து அரசு அலுவலக வாயிலில் கொட்டினர். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்பது அதன் பொருள்.

பழி வேறு உருவிலும் வரும். தமிழ்நாட்டில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950இல் இயற்றப்பட்டுக் கிடப்பில் கிடந்தது. 2003இல் அதனைத் திடீரென நடைமுறைப்படுத்த முயன்றபோது ஊர்த் தெய்வங்களின் திருவிழாக்கள் திகைத்து நின்றன. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பலியிடுதல் நல்லது என்று நாம் வாதிடவில்லை. கூடதந்தன் கதையை மேலே எழுதியதும் நாமே. ஆனால் கூடதந்தனிடம் புத்தர் காவலரை அனுப்பவில்லை, பேசினார். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை வழங்கும் திட்டம் மறுக்கப்பட்டது. சத்துணவுக் கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கும் குழந்தைகளின் முகத்தை நாள்தோறும் காணும் நமக்கு, கோழிமுட்டையின்மீது காட்டப்பட்ட அந்த இரக்கம் விளங்கவில்லை.

அண்ணல் இவ்விஷயத்தில் வகுத்த வழி, நாணத்துக்கும் சினத்துக்கும் இடையில் செல்வது. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழியுங்கள் என்று மக்களிடம் அவரே வேண்டினார். மேல்சாதியார் மெச்சவேண்டும் என்பதற்காக அன்று. பிறர் எறிந்ததை எடுத்து உண்ணும் நிலை தன்மானத்துக்குப் பொருந்தாது என்பதற்காக. மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" நூலில், கொல்லவேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்துக் காட்டினார். புத்தர் விலக்கியது பின்னதை என்பது அவர் விளக்கம். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் முன் அவர் அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடமும் அன்பும் இரக்கமும் கொண்டு அவற்றைக் காப்பேன் என்பதும் ஒன்று. என்ன உண்ணவேண்டும் என்று அவ்வுறுதிமொழிகளில் எவ்விதியும் இல்லை. மதுவுக்குத் தடை உண்டு, புலாலுக்குத் தடை இல்லை.

ஊனாவில் கசையடி பட்ட அக்குடும்பத்தார் 2018 ஏப்ரலில் தங்கள் சொந்த ஊரிலேயே நூற்றுக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினர். பௌத்தம் தழுவுவோர் ஏற்கும் ஐந்து சீலங்களுள் முதலாவது, எவ்வுயிரையும் கொல்லாமை.